கறுப்பில் வெள்ளைக் கோடு

குன்றக்குடிக் காவல் நிலைய ஏலத்தில்
பதினோராயிரத்துக்கு யமஹாவை எடுத்தேன்.
தொண்ணூற்றிரண்டு மாடல். டேங்கில் ஒரு நசுங்கல்.
ரசீது தந்தார்கள், சங்கிலியை அவிழ்த்தார்கள்.
சாவி இல்லை.
"ஏலத்துல சாவியெல்லாம் வராது" என்றார் ஏட்டு,
கொசுறு கேட்டவளைப் பார்ப்பதுபோல்.

மின்வாரியத்தில் வேலை எனக்கு.
பதினான்கு வருடமாக யூனிட் கூட்டுகிறேன்.
ஒரு கம்பியைக் கையால் தொட்டதில்லை.

செக்காலை ரோட்டுக் கடையில் சந்தியாகு
புது சுவிட்சை, இரண்டு சாவியோடு, கண்ணாடிமேல் வைத்தான்.
"ஒரிஜினல் இல்ல ஆச்சி, ஆனா உழைக்கும்.
நாலே வயர். கலருக்குக் கலர்.
கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம்."

கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தேன்.
முகப்பு விளக்கைக் கழற்றியதும்
குடல் சரிந்ததுபோல் வந்து விழுந்தது வயர்க் கட்டு.
எவனோ ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றியிருந்தான்.
எவனோ பூக்கட்டும் நாரால் முடிந்திருந்தான்.
சிவப்பு வெயிலில் பழுப்பாகி
பழுப்பு எண்ணெயில் சிவப்பாகி
எது பேட்டரியிலிருந்து வருகிறது
எது விளக்குக்குப் போகிறதென்று
சிகப்பி என்று பேருள்ளவளுக்கே தெரியவில்லை.

இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு வால் வைத்து
ஒன்றைச் சட்டத்தில் அழுத்திக்கொண்டு
மற்றதால் ஒவ்வொன்றாகத் தொட்டேன்.
மூன்றாவது தொடலில் மஞ்சளாக முறைத்தது பல்பு.
நீதான் சிவப்பு என்றேன்.
அதன் கழுத்தில் துணிக் கிழிசல் ஒன்று கட்டினேன்.

பழைய சுவிட்சின் போல்ட்டுகள் மண்ணெண்ணெய் குடித்து
ஓர் இரவு யோசித்த பிறகே இளகின.
கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால்
துளைக்குள் பித்தளை.
பாதிச் சாவி.
முறித்திருக்கிறார்கள். அவசரமோ, ஆத்திரமோ.
மீதிப் பாதி எந்தச் சட்டைப்பையில்?

நான் வாடகைக்கிருக்கும் பெரிய வீட்டில்
பதினோரு பங்காளிகளின் பதினோரு பூட்டு.
அவற்றின் சாவிகளும் எங்கெங்கோதான் இருக்கின்றன.
எனக்குக் கொல்லைக் கதவு. தாழ்ப்பாள் மட்டும்.

புதியதை மாட்டுமுன் சும்மா ஓர் உதை உதைத்தேன்.
ஏன் உதைத்தேன் தெரியாது.
சுவிட்சே இல்லாத வண்டி
டுர்ரென்று எழுந்துவிட்டது.
கொல்லை முழுக்க நீலப் புகை.
நிறுத்த எதைத் திருப்புவது?
திருப்ப ஒன்றுமில்லை.
பக்கத்து வீட்டு வாத்து கத்தியது. நானும் கத்தினேன்.
கடைசியில் அந்தக் கறுப்பில் வெள்ளைக் கோட்டு வயரின் நுனி
தற்செயலாகச் சட்டத்தில் உரசியது.
விரலில் சுருக்கென்று ஒரு கடி. பிறகு அமைதி.

இத்தனை நாளும் சாவி உயிர் கொடுக்கிறது என்றிருந்தேன்.
உயிர் உதையில் இருக்கிறது.
சாவி, கழுத்தைப் பிடித்திருக்கும் கையை எடுக்கிறது,
அவ்வளவுதான்.
ஓடுவதற்கு எதையும் இணைக்க வேண்டாம்;
நிற்பதற்குத்தான் மண்ணோடு ஒரு தொடுப்பு.
விரலைச் சப்பிக்கொண்டே இதை யோசித்தேன்.
பெரிதாகவும் யோசிக்கவில்லை, மணி ஏழாகிவிட்டது,
இருட்டுமுன் டேப் சுற்ற வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை கண்டனூர் ரயில்வே கேட்.
சாவியைத் திருப்பினேன், நின்றது. அந்த ஆனந்தம் தனி.
சைக்கிளில் ஒருவர், நாற்பது வயதிருக்கும்,
கேரியரில் கோழித்தீவன மூட்டை,
டேங்க் நசுங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கை நீண்டது, தொடாமல் திரும்பிப்போனது.
"சாவி புதுசுங்களா?"
"ஆமா."
"எம்புட்டு ஆச்சு?"
"முந்நூத்தி எண்பது. வயரிங் நானே."
தலையாட்டினார். ரயில் வந்தது.
பெட்டிகளை எண்ணுவதுபோல் உதடு அசைந்தது அவருக்கு.
கேட் உயரும்போது சொன்னார்:
"மூணாவது கியர் சில நேரம் விழுகாது.
ரெண்டு மிதி மிதிங்க, கோவிச்சுக்காது."

பாதிச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

புதுவயல் திருப்பத்தில் மூன்றாவது விழவில்லை.
இரண்டு மிதி மிதித்தேன்.