மல்லாந்த கரப்பான்

மாலை ஆறு மணிக்குள்
முலுண்டுக்குப் போக வேண்டிய விலைப்பட்டியல்.
நூற்றுப் பன்னிரண்டு வீடு, வருஷத்துக்கு நாலு தடவை,
லிஃப்ட் குழியும் குப்பை அறையும் இலவசம்.
கம்பெனி பேர், ஃபோன் நம்பர், கையெழுத்துப் போடும் இடம்
எல்லாம் மாற்றியாயிற்று.
எழுத்துக்குப் பின்னால் மட்டும்
சாம்பல் நிறத்தில் மல்லாந்து கிடக்கிறது
எபனேசர் வரைந்த கரப்பான்.

ஆறு காலும் மேலே பார்த்தபடி. வயிற்றில்
ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து:
அவனுடைய ஈ, என்னுடைய எஸ்.
‘ஈயும் நம்ம தொழில்தானே சொர்ணம்’ என்று சிரித்தான் அன்று.
வாட்டர்மார்க் என்று பேரும் சொன்னான்.
தண்ணீருக்குப் போகாத கறைக்கு
யார் வைத்த பேரோ.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் மாவு மில்லுக்கு மேலே
பத்துக்குப் பத்து ஆபீஸ்.
கீழே மில் ஓடினால் மானிட்டர் நடுங்கும்.
செத்த பூச்சி கால் உதறுவது போலிருக்கும்.

மெனுவில் தேடி ‘நீக்கு’ என்றேன்.
சரி என்பது போல ஒருமுறை இமைத்தது திரை.
கிடந்தது அது, கிடந்தபடியே.
மேலேயே வைத்துச் சொடுக்கினால்
கர்சர் அதன் முதுகைத் தாண்டி
ஏதோ ஒரு வார்த்தையில் போய் விழுகிறது.

பதினோரு வருஷமாக இந்தத் தொழில்.
கண்ணில் படுகிற கரப்பானைச் செருப்பால் அடிப்பவர்
வாடிக்கையாளர்.
நாங்கள் அடிப்பதில்லை.
சிங்க் கதவின் கீலுக்குள், கேஸ் குழாய் நுழையும் ஓட்டையில்,
ஃபிரிட்ஜ் மோட்டாரின் சூட்டில்
கடுகளவு ஜெல் வைத்துவிட்டு வந்துவிடுவோம்.

பக்கத்தின் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.
ஹெட்டர் திறந்தது.
என் எழுத்தெல்லாம் வெளிறிப் பின்னால் போக
கரப்பான் கறுத்து முன்னால் வந்தது.
இங்கேயா குடியிருக்கிறாய்.
டெலீட்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது.
‘முதல் பக்கம் தனி’ என்று டிக் போட்டிருக்கிறான்.
அதையும் கொன்றேன். மூன்றும் வெளுத்தது.
நாலில், ரேட் சார்ட்டுக்காகக் காகிதம் குறுக்கே திரும்பும் இடத்தில்
தானும் குறுக்கே திரும்பிப் படுத்திருந்தது.
பிரிவுக்குப் பிரிவு
தனித்தனியாகத்தான் அழிக்க வேண்டுமாம்.
‘முந்தையதோடு இணை’ என்பதை
அங்கே அவிழ்த்து வைத்திருக்கிறான்.

எப்போது அவிழ்த்தான்?
காட்கோபர் ஆஸ்பத்திரி பில் வருவதற்கு முன்பா,
அந்த நாற்பதாயிரம் எங்கே என்று
நான் கேட்டதற்கு அப்புறமா?
கத்தவில்லை அவன்.
சின்ன ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு
சாவியை ஸ்டெபிலைசர் மேல் வைத்துவிட்டுப் போனான்.
மாவு படிந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தே காலுக்கு ஏழு பக்கமும் வெள்ளை.
ஆள் காலி செய்த வீட்டைத்
துடைத்துவிட்ட வெள்ளை.
அனுப்பினேன்.

ஐந்து முப்பத்தைந்துக்கு செக்ரட்டரி
மிசஸ் டிப்னிஸ் கூப்பிட்டார்.
‘அந்த ஜுரள் எங்கே?’
எது என்றேன், தெரிந்துகொண்டே.
‘மல்லாக்கக் கிடக்குமே, அது.
கமிட்டியில் உங்கள் பேர் யாருக்கு ஞாபகம்?
கரப்பான்காரர்கள் என்றால்தான் தெரியும்.
வேறு யாரோ என்று தள்ளிவிடுவார்கள்.
படத்தோடு அனுப்புங்கள்.’

பழைய ஃபைலைத் திறந்தேன்.
ஒன்றுமே நடக்காதது மாதிரி கிடந்தது.
எழுத்தை மட்டும் சுரண்டப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே படம்.
ஈயை எடுத்தால் வயிறு போகிறது.
எஸ்ஸை எடுத்தாலும் அதே வயிறுதான்.

ஐந்து ஐம்பத்தொன்று.
மௌஸைப் பிடித்துப் புதிதாக ஒன்று வரைந்தேன்.
கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.
மீசை கோணிற்று. கால் ஐந்துதான் வந்தது.
அவசரத்தில் மல்லாக்கப் போட மறந்துபோனேன்.
சாம்பல் பூசி
ஏழு பக்கத்துக்கும் பின்னால் விட்டேன்.

நடந்து போகிற மாதிரிதான் இருக்கிறது.