தாமதத்துக்கான காரணம்

முதலில் மஞ்சளானது பெனியன்தான்.
சவர்க்காரம் சரியில்லை என்றாள் பாக்கியலெட்சுமி.
மறுகா கண்.
பதினொரு காலை கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தேன்,
உப்பில்லாமல் தின்றேன்.
பன்னிரண்டாம் நாள்
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி ஸ்கேன் அறையில்
"மூச்சைப் பிடிங்க" என்றது
தமிழ் பழகிய ஒரு சிங்களக் குரல்.

கணையம்.
எழுபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.
ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டொக்டர் றுஷ்தா கடுதாசியில் கீறிக் காட்டினார்:
இது தலை, இது உடல், இது வால்.
கட்டி தலையில்.
தலையை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைப்போம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கல்லாற்றுச் சந்தையில் இதே சொற்களில்தான்
நான் பாரைமீன் வாங்குவது.
அங்கே தலைக்குத்தான் சண்டை.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?
ஏழு மணித்தியாலம். சிலவேளை எட்டு.

அது எனக்குத் தெரிந்த கணக்கு.
முப்பத்தொரு வருஷம் களுவாஞ்சிக்குடி டிப்போவில்
டைம் கீப்பர் நான்.
இரவுக் கொழும்பு பஸ் அவ்வளவு நேரம்தான் ஓடும்,
மன்னம்பிட்டியில் ஒரு தேத்தண்ணி,
விடியமுன் புறக்கோட்டை.
போய்ச் சேருமா என்று
ரிக்கட் வாங்கமுன் கேட்ட வருஷங்களும் இருந்தன.
அப்போதும் நான் வெளிக்கிட்ட நேரத்தை எழுதினேன்,
மற்றக் கட்டத்தை வெறுமையாக விட்டு.

வயதை ஒருவரும் கேட்கவில்லை, அட்டையில் இருந்தது.
கைபிடிக்காமல் கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பச் சொன்னார்கள்.
ஒரு இரும்புப் பிடியை நெரிக்கச் சொன்னார்கள்.
பிறகு தாழ்வாரத்தில் நடக்கவிட்டு
ஒரு நேர்ஸ் பிள்ளை மணிக்கூடு பிடித்தாள்.
என்னை ஒருவர் நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.
நான் காலெடுத்து வைத்து அரைச் செக்கன் பிந்தித்தான்
அவள் பொத்தானை அமத்தினாள்.
வாய் திறக்கவில்லை நான்.
என் வாழ்நாளின் முதல் கள்ளக் கணக்கு.

தோஹாவிலிருந்து மகன்: செய்யுங்கப்பா.
அம்பாறையிலிருந்து மகள்: இந்த வயசிலயா?
பாக்கியலெட்சுமி டொக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"மறுகா இவர் இறால் தின்னலாமா?"
குளிசையோடு தின்னலாம்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
பழக்கதோஷத்தில் நேரத்தையும் போட்டேன்.
ஏழு ஐம்பத்திரண்டு.

மூன்றாம் இரவு,
வயிற்றில் இரண்டு குழாய், மூக்கில் ஒன்று,
எழுந்து குந்திக்கொண்டு கத்தினேனாம்:
"பொத்துவில் நாலு பத்து! பொத்துவில் வெளிக்கிடுது!"
நேர்ஸ் ஓடிவந்து கையைப் பிடிக்க,
எதிர்க்கட்டில் ஆதம்லெவ்வை,
சீனி வருத்தத்தில் ஒரு கால் போனவர்,
இருட்டுக்குள்ளிருந்து சொன்னாராம்:
"கொஞ்சம் நிப்பாட்டுங்க அண்ணே, எனக்கு நிந்தவூர்ல இறக்கம்."
"கெதியா ஏறுங்க" என்றேனாம்.
இரண்டு பேரும் நித்திரையாகிப் போனோமாம்.
எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.
விடிந்ததும் அவர் மிச்சக்காசு கேட்டார்.
நான் கண்டக்டர் இல்லை என்று
அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.
தையல் இழுத்தது.

வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்.
எவ்வளவு காலம் என்று கேட்டேன்.
டொக்டர் நேரசூசி தரவில்லை,
கிளினிக் திகதி தந்தார்.

டிப்போத் தாளின் கடைசிக் கட்டம்
தாமதத்துக்கான காரணம்.
சாரதிமார் எழுதுவார்கள்:
டயர். பாலத்தில் மாடு. வெள்ளம்.

நேற்று மத்தியானம் ஒரு குளிசை, கொஞ்சம் சோறு,
எண்ணிப் போட்ட ஐந்து இறால்.
என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
ஆறாவதையும் போட்டாள்.

இதை எழுதினால் டிப்போவில் ஏற்கமாட்டார்கள்.