எண் 27, வெள்ளை, பெட்டை

"கறி எத்தனை கிலோ தேறும்?" என்று
கேட்காமல் போனவர் குலசேகரத்தில் ஒருவரும் இல்லை.
கேஸ் சிலிண்டர் இறக்க வந்த பையன் கேட்டான்.
ஓட்டுக் கேட்டு வந்தவர் அதையும் சேர்த்துக் கேட்டார்.
உபதேசியார் மட்டும் கொஞ்சம் சுற்றி வளைத்து,
"இதால என்ன பிரயோஜனம் ஜெயசீலி?" என்றார்.

முடி முழுக்க ஊதிவிட்டால்
பஞ்சி ஒரு தலையணை அளவுக்கு வருவாள்.
நனைத்தால் பெருச்சாளி.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது
என் ஐந்து மாதம்.

மூன்று மணிக்கு ஆன்றோஸ்
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போவான்.
நான் சீப்பை எடுப்பேன்.
வெயில் ஏறினால் அவனுக்குப் பால் நின்றுபோகும்,
எனக்கு முயல் மூச்சு வாங்கும்.

காதுக்குப் பின்னால், கக்கத்தில், வாலடியில்
சிக்கு விழும்.
கத்தரி வைக்கக் கூடாது, விரலால்தான் பிரிக்க வேண்டும்,
அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டால் நிறுத்தி
ஒரு துண்டு பப்பாளி.
"ஒனக்க தலைய சீவி நாலு நாளாச்சு பிள்ளே"
என்று சொல்லிக்கொண்டே
பைக் கழுவும் கடையிலிருந்து பழைய புளோயர் வாங்கிவந்தவனும் அவன்தான்.

சித்திரையில் ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர்ப் பாட்டில்,
சாளைக்கு இடமில்லை.
ஆனியில் ஈரக்காற்று
ஒரே ராத்திரியில் முடியை அமுக்கிப் பாயாக்கிவிடும்;
டேபிள் ஃபேன் அவளுக்கு, கொசு எங்களுக்கு.
இப்படியாகத் தை வந்தது.

கண்காட்சிக்கு முந்தின ராத்திரி
கூண்டைத் திறந்தால்
பஞ்சியின் வாய் நிறைய வெள்ளை.
நெஞ்சில், வயிற்றில், தாடைக்குக் கீழே
பிடுங்கிப் பிடுங்கி மூலையில் குவித்திருக்கிறாள்.
தோல் தெரிகிறது,
துணி துவைத்த உள்ளங்கை மாதிரி.

இணை சேர்க்கவே இல்லை.
பக்கத்துக் கூண்டில் ஆண் இருக்கிற வாசனை போதுமாம்,
வயிறு தானாக நாள் எண்ணத் தொடங்கிவிடுமாம்.
பதினேழாம் நாள்
இல்லாத குட்டிகளுக்குக் கூடு கட்டுமாம்.
பொய்ச்சினை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
அவள் அந்தப் புத்தகத்தின் ஓரத்தைக் கடித்ததோடு சரி.

நுழைவுக் கட்டணம் இருநூற்றைம்பது.
வேனுக்குக் கொடுத்த முன்பணம்.
நான் அழவில்லை,
உபதேசியார் கேட்கக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

அப்போதுதான் கடைசிக் கூண்டுப் பக்கமிருந்து ஆன்றோஸ் கூப்பிட்டான்.
சாம்பல்காரி. தலைப்பிரசவம்.
ஒரு முடி பிடுங்காமல்
வெறும் கம்பிவலைமேல் ஆறு போட்டிருந்தாள்,
போட்டுவிட்டுப் பலா இலை தின்றுகொண்டிருந்தாள்.
நான்கு அசைந்தன.
பேச்சிப்பாறைக் காற்று கூண்டுக்குள் நேராக வந்துகொண்டிருந்தது.

சட்டைக்குள் போட்டுக்கொண்டேன் நான்கையும்,
சுண்டுவிரல் நீளம், ஈரம்.
அவன் பஞ்சியின் குவியலை இரண்டு கையாலும் அள்ளி
பிஸ்கட் பெட்டியில் வைத்துக் குழி செய்தான்.
உள்ளே விட்டதும்
முடி தானாக மூடிக்கொண்டது.
கட்டன்சாயா போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால்
குவியல் மூச்சு விடுகிறது.

இருந்தாலும் போனோம்.
கட்டின பணம்.

நாகர்கோவில் மண்டபத்தில், கார்ப்பெட் விரித்த மேசையில்
நடுவர் அவள் முதுகில் ஊதினார்.
வகிடு வட்டமாய் விழுந்தது.
"அட, அருமையா வச்சிருக்கீங்க" என்றார் கோவைப் பேச்சில்.
இன்னொரு இடத்தில் ஊதினார்.
பிறகு புரட்டினார்.

சீட்டில் இரண்டே சொல்: தகுதி இல்லை.
கோப்பை இடலாக்குடி சபீருக்கு.
கோப்பையோடு அவனே வந்து குனிந்து பார்த்து,
"வயித்து முடியெல்லாம் எங்க போச்சு அக்கா?" என்றான்.
"வீட்டுல இருக்கு" என்றேன்.

திரும்பும்போது
தக்கலை வரைக்கும் மடியில் வைத்திருந்தேன்,
புரட்டாமல்.
மேலிருந்து பார்த்தால்
அவள்தான் முதல் பரிசு.