மிதவை ஐந்து

நூற்றிருபது மீட்டர் போர்க்கப்பல் தூங்குகிறது.
அதைச் சுற்றிச் சுற்றி வருகிறோம்
பத்து மீட்டர்க்காரர்கள் நாங்கள்,
மூன்று பேர், ஒரு ஃபிளாஸ்க் காபி.
கடற்படை நாளில்
அதற்குக் கொடி கட்டிப் படமெடுப்பார்கள்.
எங்கள் படகுக்குப் பெயர்கூட இல்லை,
விலாவில் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண்,
அதிலும் ஏழின் கால் உரிந்துவிட்டது.

தால்காவானோவில் ஆகஸ்ட் என்றால் மூடுபனி.
சுக்கானில் இஸ்மேனியா கில்லோத்ரான்,
எங்கள் கார்ப்பரல். அதிகம் பேசமாட்டாள்.
வெப்பக் கேமராவில் பையன் வெலோசோ,
அவன் சூயிங்கம் மெல்லும் சத்தம் எஞ்சினை மிஞ்சும்.
துப்பாக்கியில் நான்.
அதாவது, அதைப் போர்த்திய கித்தானுக்கு நான் காவல்.

இரண்டு நாற்பது.
"சூடாக ஒன்று," என்றான் வெலோசோ,
"மிதவைகிட்ட. அசையவில்லை."
ஒலிபெருக்கியில் முதல் அழைப்பு. பதில் இல்லை.
விளக்கைத் திருப்பினால்
மிதவைமேல் தடித்த கடல்சிங்கம்,
ஒரு கண்ணை மட்டும் திறந்து
வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
சிரித்தோம். காபி சிந்தியது.

"இல்லை, இன்னொன்று. அதற்குப் பின்னால்."

வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு துடுப்புப் படகு.
உள்ளே ஓர் ஆள், முதுகு எங்களுக்கு.
இரண்டாம் அழைப்பு.
மூன்றாம் அழைப்பு.
விதிப்புத்தகத்தில் நான்காவது கிடையாது.
கித்தானின் முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது.
பல்லால் அவிழ்த்தேன். உப்பு.
அவ்வளவு நெருக்கத்தில்
கம்பளிச் சட்டையின் முழங்கைக் கிழிசல்கூடத் தெரிந்தது,
வலை இழுக்கும் தோள் ஏறி இறங்குவதும்.
அவசரமே இல்லாத தோள்.

"காது," என்றாள் இஸ்மேனியா.
அவ்வளவுதான் சொன்னாள்.
எஞ்சினைத் தணித்தாள்.
விளக்கை அவன் முகத்தில் அடிக்காமல்
அவன் கைக்கெதிரே தண்ணீரில் போட்டாள்.
பச்சை வட்டம் ஒன்று வலைக்குள் விழுந்தது.
திரும்பினான். என் வயதுதான் இருக்கும்.
பிறகு விளக்கைத் தன் பக்கமே திருப்பி,
கண் கூச, முகம் வெளுக்க,
வெறுங்கையால் காட்டினாள்:
நீ. அந்தப் பக்கம். மெதுவாக.

தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டான்.
போகிறபோது இரண்டு மெர்லூசா மீனை
எங்கள் தளத்தில் எறிந்துவிட்டுப்
பனிக்குள் போனான்.
ஒன்று வெலோசோவின் பூட்ஸில் அடித்துத் துள்ளியது.

பதிவேட்டில் அவள் எழுதியது:
02:40. மிதவை ஐந்து. கடல்சிங்கம், ஒன்று.

விடியும்வரை நான்
அந்த முடிச்சை மறுபடி போடப் பார்த்தேன்.
விரல் நடுங்குவது குளிரால் என்று
யாரும் கேட்காமலே சொன்னேன்.