கடைசி வரிசை

விடியற்காலை நாலு மணி. மைனஸ் பதினெட்டு.
பனிக்கலப்பையை இறக்குகிறேன்.

இந்தக் கல்லூரிக்கு விடுதி இல்லை,
மணிக்கூண்டு இல்லை, கொடி படர்ந்த பழைய சுவர் இல்லை.
இருப்பதெல்லாம் தார்த்தரை,
ஆயிரத்து நூறு வண்டிகளுக்கு மஞ்சள் கோடு.
கோடெல்லாம் பனிக்கு அடியில்.
எனக்கு மனப்பாடம்.

முன்பு இது சர்க்கரை பீட்ரூட் வயல்.
போர் முடிந்து ஊர் திரும்பிய பையன்கள்
உயர்நிலைப் பள்ளியின் நிலவறையில், கொதிகலன் பக்கத்தில்,
சின்னப் பிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க
ராத்திரியில் கணக்குப் படித்தார்களாம்.
பிறகு கட்டடத்துக்கு வரி போட வாக்கெடுப்பு.
பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தது.
அந்தப் பத்தொன்பதில் ஒன்று எங்களுடையது என்று
இருநூறு குடும்பமாவது இன்றைக்கும் சொல்லும்.

முகப்பில் ‘ஜூனியர்’ என்றொரு சொல் இருந்தது.
எழுபத்திரண்டில் கழற்றிவிட்டார்கள்.
ஆணித் துளைகள் அப்படியே இருக்கின்றன.
கோடையில் குளவி குடிவரும்.

செவ்வாய்க்கிழமை இரவில்
நர்சிங் வகுப்பு ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போடும்.
மறுநாள் குப்பைக்கூடை முழுக்க நோயாளிகள்.
ஜெனவீவ் க்ருஷின்ஸ்கி, ஊறுகாய் ஆலைக்காரி,
பருவத்துக்கு ஒரு பாடமாகப் பதினோரு வருஷம் படித்தாள்.
பட்டம் வாங்கிய அன்றும் ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று
சதுரத் தொப்பியோடே வண்டியைக் கிளப்பினாள்.

பத்து மணிக்கு வகுப்பு விட்டால்
பாட்டரி செத்த வண்டி ஒன்றாவது நிற்கும்.
பெயர் தெரியாத யாரோ கேபிளோடு வருவார்.
சிவப்பு சிவப்புக்கு. கறுப்பு வெறும் இரும்புக்கு.
எஞ்சின் பிடிக்கும்வரை இருவரும் கைகளை ஊதிக்கொண்டு நிற்பார்கள்.
இங்கே நட்பு என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.
போதும்.

நானும் இங்கே இயற்கணிதத்தில் இரண்டு தடவை தோற்றவன்.
வேலை பார்க்கிற இடத்திலேயே தோற்பதில் ஒரு வசதி,
பெட்ரோல் மிச்சம்.

இன்றைக்குக் கடைசி வரிசையில், விளக்குக் கம்பத்தடியில்
ஒரு வெள்ளை மேடு.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
மூச்சு உறைந்த கண்ணாடியில் ஒரு மூலை மட்டும் தெளிவு.
உள்ளே தூக்கப் பை, அதன் நுனியில் கம்பளிக் குல்லா.
டாஷ்போர்டில் உடற்கூறியல் புத்தகம்,
விலா எலும்புப் பக்கத்தில் கவிழ்த்தபடி.
எவேலியோ டிஹெரினா.
கேன்டீனில் சூப்பின் விலையை இரண்டு முறை படிப்பவன்.

இரவில் நிற்கும் வண்டியைக் கண்டால்
அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். விதி எண் பதினான்கு.

எஞ்சின் ஓடவில்லை. குளிர் தாங்காமல் எந்நேரமும் ஓடவிடுவான்.
மண்டியிட்டேன். மண்வெட்டி சத்தம் போடுமென்று
கையாலேயே தோண்டினேன்,
புகைக்குழாய் வாய் தெரியும்வரை.
பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனேன்.

ஏழு மணிக்கு மற்ற வண்டிகள் வரும்.
கறுந்தரையில் ஒரே ஒரு செவ்வகம் மட்டும் வெள்ளையாக.
ஏன் விட்டாய் என்று கேட்பார்கள்.
கலப்பை மேல், ஹைட்ராலிக் மேல் பழி போடலாம்.

எட்டு மணிக்கு பி கட்டடம்.
அவனுக்கு எலும்புகள்.
அடுத்த அறையில் எனக்கு, மூன்றாம் தடவையாக,
எக்ஸ்.