இடவலம்

பீடோங் சந்தைக்குப் பின்வரிசையில்
நகலெடுக்கும் கடை எனக்கு.
பாரம் நிரப்பித் தருவேன்,
பாஸ்போர்ட் படம் நாலு பத்து வெள்ளி,
மழைநாளில் குடையும் விற்பேன்.

படம் மாற்றும் வேலை
ஆசைக்குத் தொடங்கியது.
அந்தப் பிலிம் ஒரு பக்கம் வழவழப்பு,
மறுபக்கம் பூனை நாக்கு.
நாக்கின் பக்கம் அச்சடித்தால்
மை உள்ளே இறங்காது.
வாடகைக்கு வந்தவன் மாதிரி
பெட்டியைப் பிரிக்காமல்
மேலேயே உட்கார்ந்திருக்கும்.
எங்கே ஈரம் தெரிகிறதோ
அங்கே குடிபோய்விடும்.

ஈரத்துக்கு,
கொரோனா போயும் தீராத கை துடைக்கும் ஜெல்.
மூன்று பெட்டி கிடக்கிறது.
வெள்ளையடித்த பலகையில் அதை
காலாவதியான டோல் கார்டால் இழுத்துவிட வேண்டும்.
கூடினால் முகம் உருகி ஓடும்,
குறைந்தால் மூக்கோடு நின்றுவிடும்.
நான் கெடுத்த முகங்கள் பதினேழு.
எல்லாம் என் முகம்தான்,
வேறு யாரிடம் போய்க் கேட்பது?
ஒன்று பிஸ்கட் டின் மூடியில்
நெற்றியில்லாமல் இன்னும் சிரிக்கிறது.

பிறகு சன்னாசி வந்தார்,
பஸ் நிற்குமிடத்து முடிதிருத்தகம்.
தோளில் துண்டு, துண்டில் யாருடைய முடியோ.
"இவரப் பலகையில ஏத்தணும்.
கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்ட."

படத்தில் வைரக்கண்ணு.
இரண்டாவது நாற்காலிக்காரர்.
பின்னால் தேதி கிழிக்காத காலண்டர்,
இடது புருவத்துக்கு மேலே
மிளகளவு மச்சம்.
போன மாதம் கை நடுங்குகிறதென்று
மகளோடு சித்தியவானுக்குப் போய்விட்டார்.

கூட்டுப் பணத்தில் ஏதோ தகராறு,
இருவரும் பேசிப் பதினோரு வருசம் என்பது
டவுனில் முடி வளர்கிற எல்லாருக்கும் தெரியும்.
நான் கேட்கவில்லை.
முப்பது வெள்ளி என்றேன்.

வியாழக்கிழமை, மூன்று மணி,
மழை செம்பனைக்கு அப்பால் நின்று
வரலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.
காற்றிலேயே பாதி ஈரம், அதனால் ஜெல் கொஞ்சம்.
பிலிமைக் கவிழ்த்தேன்.
மூக்கில் தொடங்கிக் காதுகளை நோக்கிக்
கரண்டி முதுகால் தேய்த்தேன்.
பக்கத்துக் கடை ஹாயாத்தி
போனில் யாரையோ திட்டி முடிக்கும்வரை காத்திருந்து
ஒரு மூலையைத் தூக்கினேன்.

பிலிமில் ஒன்றும் இல்லை.
மொத்த ஆளும் மரத்துக்கு மாறியிருந்தார்,
மீசையில் நரைத்த மயிர் உட்பட.
காதோரம் மட்டும் ஒரு காற்றுக்குமிழி,
அரிசியளவு வெள்ளை.
நானே கைதட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் காலண்டரைப் பார்த்தேன்.
ஏழு எனக்கு முதுகு காட்டி நின்றது.
மச்சம் வலது புருவத்துக்குப் போயிருந்தது.
அச்சுக்கு முன்னால் படத்தை இடவலமாகப் புரட்டு,
இந்த வேலையில் முதல் பாடம் அது.
பதினேழிலும் மறக்காததைப்
பதினெட்டில், அடுத்தவர் முகத்தில் மறந்தேன்.

"அண்ணே, தப்பாப் போச்சு.
ரெண்டு நாள் குடுங்க, காசு வேணாம்."

பலகையைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்தார்.
அருகே கொண்டுவந்தார்.
மறுபடி தள்ளிப் பிடித்தார்.
மழை வந்துவிட்டது,
தகரக்கூரையில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது.

"இதும்மா அவரு.
நான் குடுத்த படத்துல இருந்தவன்தான்
யாரோ மாதிரி இருந்தான்.
முப்பது வருசம் ரெண்டு பேரும்
ஒரே பக்கம் பாத்துல்ல நின்னோம்.
பேச்சு நின்னப்புறம்
பவுடர் வேணும்னா கண்ணாடிய பாப்பேன்,
கண்ணாடியிலயே தலையாட்டுவான்,
டப்பா பக்கத்துல வந்துடும்.
நேரா மூஞ்ச பாத்தது…"
கணக்குப் போட்டார், விட்டுவிட்டார்.
முப்பது வெள்ளியை எண்ணி வைத்தார்.
ஒரு குடையும் வாங்கினார், பலகைக்கு.

அடுத்த வாரம் மகனுக்கு முடிவெட்டப் போனேன்.
மாலை இல்லை, பொட்டு இல்லை.
சாமி படங்களின் உயரத்தில் மாட்டவில்லை,
நிற்கிற ஆளின் உயரத்தில்,
இரண்டாவது நாற்காலிக்கு நேரே.
பிடரியை மழித்துக்கொண்டே சன்னாசி
அந்தப் பக்கம் பார்த்து ஏதோ முனகினார்.

மன்னிப்பு என்று எழுதத்தான் ஆசை.
ஆனால் என் காதில் விழுந்தது
"நானூத்தி அம்பது."