பதினொரு வினாடி

பிளவ்திவ் நகரில் இரவு இரண்டு மணி.
ரதோஸ்தினாவின் திரையில்
இங்கிலாந்து வரிசையில் நிற்கிறது.

எந்திரத்துக்குச் சந்தேகம் தட்டிய முகங்கள் மட்டும்
இவளிடம் வரும்.
ஒன்றுக்குப் பதினொரு வினாடி.
பதினெட்டுக்கு மேலா, கீழா,
அவ்வளவுதான் கேள்வி.
பெயரைப் பார்க்க வேண்டாம் என்கிறது ஒப்பந்தம்.
பெயர் உரிமத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது.

இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு,
வாயைத் திற என்றால் திறக்கிறார்கள்,
பல்லைப் பிடித்துப் பார்த்து
மாடு வாங்கும் சந்தையில்போல.

அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
இவளுக்குத் தெரிவது
முகத்துக்குப் பின்னால் கிடக்கும் அகம்:
ஈரம் பூத்த சுவர்,
கதவில் தொங்கும் செவிலியர் சீருடை,
பாதி கழற்றிய தொட்டில்,
மாத்திரைப் பெட்டியில்
வியாழக்கிழமை மட்டும் திறக்காமல்.
சட்டம் எழுதியவர்கள்
பின்னணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு பத்துக்கு ஒருவர் வந்தார்.
நெவில் பிளாஞ்சர்ட், கிரிம்ஸ்பி.
வயது ஐம்பத்தொன்பது.
மீன் வறுக்கும் கடையில்
எண்ணெய் தெறித்து இழுபட்ட கன்னம்.
தழும்பின் வழவழப்பைத் தடவிப் பார்த்து
எந்திரம் எழுதியிருந்தது: பதினைந்து.

அவர் தட்டிய கதவுக்கு அப்பால்
குடியை விட்டவர்கள் ராத்திரியில் பேசிக்கொள்கிறார்கள்.
ஆறு வருடமாக அங்கே அவர் பெயர்
சிவப்புத் தொப்பி.
அந்தப் பெயருக்குக் கன்னம் கிடையாது.
இன்றைக்குத்தான் முதல்முறை
இரண்டு பெயரும் ஒரே படிவத்தில்
பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்
முகத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.
பின்னால், மேசையில்,
மூடி திறக்காத ஒரு புட்டி.

எட்டு.
ஒன்பது.
'மேல்' என்று அழுத்தினாள்.

ஏழு நாளில் அனைத்தும் அழிக்கப்படும் என்று
அவருக்கு ஒரு செய்தி போயிருக்கும்.
படித்திருக்க மாட்டார்.

அடுத்து லீட்ஸிலிருந்து ஒரு பொடியன்,
அக்காவின் மையால் வரைந்த மீசை
ஒரு பக்கம் வியர்வையில் இறங்கியிருந்தது.
'கீழ்'.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.
இவளுடைய யோவாவுக்குப் பன்னிரண்டு,
போர்வைக்குள் போனை ஒளித்துக்கொண்டு தூங்குபவள்.
சட்டமே வேண்டாம் என்று சொல்ல
இவளுக்கு வாய் வருவதில்லை.

எட்டாம் நாள்
கடையில் தயிர் டப்பாவின் தேதியைப்
பார்த்துக்கொண்டிருந்தபோது
அந்தப் புட்டி ஞாபகம் வந்தது.
திறந்தாரோ.
நினைத்தால் கடிதம் போட்டே கேட்கலாம்,
முகத்தோடு ஒட்டிக்கொண்டு
முகவரியும் வந்து நின்றது:
முப்பத்தொன்று, கப்பல்துறைத் தெரு, மாடி.

தயிரைக் கூடையில் போட்டாள்.
தேதி முடிந்திருந்தது, கவனிக்கவில்லை.